தவாத்மிக்குத் திரும்பிய கோப்பு

மாங்கேணியிலிருந்து ஏ-15 வீதியில் வடக்கே போனால் பனிச்சங்கேணிப் பாலம், வாகரை, கதிரவெளி, வெருகல் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து கடைசியில் மூதூர் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்த கரை இது. அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். வள்ளத்தையும் வலையையும் கடல் கொண்டுபோன பிறகு, வீட்டில் ஒரு பெண்ணை மத்திய கிழக்குக்கு அனுப்புவது இந்தக் கரையில் பல குடும்பங்களுக்குக் கையில் எஞ்சிய ஒரே வழியாக இருந்தது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்ற பேதம் அங்கே வேலைக்கு ஆள் பிடிக்கும் உப முகவர்களுக்குக் கிடையாது. வறுமை எந்த வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த றிசானா நபீக். தகப்பன் காட்டில் விறகு வெட்டிப் பிழைத்தவர். 2005 மே 4ஆம் திகதி றிசானா சவூதி அரேபியாவில் இறங்கினார். ரியாத்துக்கு மேற்கே தவாத்மி என்ற நகரில் வேலை. மே 22ஆம் திகதி அவரது பொறுப்பில் விடப்பட்டிருந்த 4 மாதக் குழந்தை இறந்தது. வந்து 18 நாட்கள்தான் ஆகியிருந்தன.

அந்தக் குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9ஆம் திகதி அவரது தலை வெட்டப்பட்ட செய்தி வந்தபோது இலங்கை நாடாளுமன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்றது. அதன் பின் தமிழிலும் சிங்களத்திலும் நடந்த விவாதத்தில் மதம் இருந்தது, மனிதாபிமானம் இருந்தது, அரசியல் தாராளமாகவே இருந்தது. வழக்கு மட்டும் அதிகம் இல்லை. தவாத்மியில் என்ன விசாரிக்கப்பட்டது, மேல் நீதிமன்றம் எதைத் திருப்பிக் கேட்டது, அதற்கு என்ன பதில் கிடைத்தது என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டன. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

முதலில் கடவுச்சீட்டு. றிசானாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரியில். கடவுச்சீட்டில் இருந்த ஆண்டு 1982. அசல் கணக்கில் பார்த்தால் குழந்தை இறந்த நாளில் அவருக்கு வயது 17. கடவுச்சீட்டுக் கணக்கில் 23. பள்ளிக்கூடப் பிள்ளையை வீட்டுப் பணிப்பெண்ணாக ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் வயதைக் கூட்டத்தான் வேண்டும். முகவர்கள் அதைச் செய்தார்கள். அந்தக் காலத்தில் இது அபூர்வமான மோசடியும் அல்ல. ஆனால் விமான நிலையத்தில் ஒரு பிள்ளையைக் கடத்திவிட உதவிய அந்த 6 ஆண்டுகள், நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியாக மாறின. சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையில் சவூதி 1996இல் சேர்ந்திருந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அது சொல்கிறது. றிசானாவின் பிறப்பத்தாட்சியை முன்வைக்க வாய்ப்பளிக்கப்படவில்லை என்று சர்வதேச மன்னிப்புச் சபை பலமுறை எடுத்துச் சொன்னது. சவூதி அரசு கடைசிவரை கடவுச்சீட்டையே பிடித்துக்கொண்டு நின்றது. அது உங்கள் அரசாங்கம் கொடுத்த பத்திரம்தானே என்ற வாதத்துக்குக் கொழும்பிடம் நல்ல பதில் இருந்திருக்க முடியாது.

அடுத்தது குழந்தையின் மரணம். போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது பால் புரையேறி மூக்காலும் வாயாலும் வந்தது, பயந்து போய்க் கழுத்தையும் நெஞ்சையும் தடவிவிட்டேன் என்பது றிசானா சொன்னது. சமைக்க, துவைக்க, துடைக்க என்று வந்தவரிடம் பச்சைக் குழந்தையையும் ஒப்படைத்திருந்தார்கள். குழந்தை வளர்ப்பில் அவருக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. கழுத்தை நெரித்துக் கொன்றார் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. 4 மாதக் குழந்தையொன்று புரையேறி இறந்ததா, நெரிபட்டு இறந்ததா என்பதைச் சொல்லக்கூடியது பிரேதப் பரிசோதனை ஒன்றுதான். அப்படியொன்று செய்யப்படவில்லை என்பதே அவருக்காக வாதாடியவர்களின் முக்கியமான முறைப்பாடு. ஆக, வழக்கின் முழுப் பாரமும் ஒரு தாளில் வந்து இறங்கியது. அது தவாத்மிப் பொலிஸ் நிலையத்தில் பதியப்பட்ட குற்ற ஒப்புதல்.

அந்தத் தாள் எப்படி எழுதப்பட்டது? றிசானாவுக்கு அரபு தெரியாது. பொலிஸாருக்குத் தமிழ் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் போதிய அளவு தெரிந்திருந்ததா என்பது சந்தேகத்துக்குரியது என்று மன்னிப்புச் சபை குறிப்பிட்டது. சட்டத்தரணி இல்லை. பின்னர் சிறையிலிருந்து தமிழில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் றிசானா அந்த ஒப்புதலை மறுத்தார்; அடித்தும் மிரட்டியும் வாங்கினார்கள் என்றார். 2007 ஜூன் 16ஆம் திகதி தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதுவரை அவருக்காக ஒரு சட்டத்தரணிகூட நீதிமன்றத்தில் எழுந்து பேசியிருக்கவில்லை.

மேன்முறையீட்டுக்குக் கொஞ்ச நாட்கள்தான் அவகாசம். சவூதிச் சட்டத்தரணிகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஹொங்கொங்கிலிருந்து இயங்கிய ஆசிய மனித உரிமை ஆணையம் பொதுமக்களிடம் பணம் திரட்டி அந்தக் காரியத்தைத் தொடக்கிவைத்தது. பிரதி வெளிவிவகார அமைச்சர் ஹுசைன் பைலா பெற்றோரை அழைத்துக்கொண்டு சவூதிக்குப் போனார். அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அரசு பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கை நடத்தியவர்கள் வேறு ஆட்கள்.

இந்த இடத்தில்தான் மீள்விசாரணை வருகிறது. மேன்முறையீட்டுக்குப் பிறகு மேல்மட்ட நீதித்துறை, கோப்பை மேலதிக விளக்கம் கேட்டுத் தவாத்மி நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. தீர்ப்பில் ஓட்டை இருப்பதாக ரியாத்துக்கும் பட்டிருக்கிறது என்று நம்பிக்கை பிறந்தது. மூதூரில் இருந்தவர்களுக்கும் கொழும்பில் கையெழுத்துத் திரட்டியவர்களுக்கும் அந்த 2 ஆண்டுகள் நல்ல ஆண்டுகளாகத்தான் தெரிந்தன. ஒப்புதலை மொழிபெயர்த்தவரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அவர் அதற்குள் சவூதியை விட்டே போய்விட்டிருந்தார். தவணைக்கு மேல் தவணை போனது. விசாரிக்கப்பட வேண்டிய முதல் ஆள் இல்லாமலே விசாரணை நடந்தது. 2010 ஒக்டோபரில் ரியாத் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதிசெய்தது.

மீள்விசாரணை என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது என்றுதான் சாதாரணமாக எண்ணிக்கொள்கிறோம். நடைமுறையில், கோப்பில் இருப்பதை மட்டுமே அதனால் திரும்பப் பார்க்க முடியும். செய்யாத பிரேதப் பரிசோதனையை 3 ஆண்டுகள் கழித்துச் செய்ய முடியாது. பொலிஸ் நிலையத்தில் அன்று இல்லாத சட்டத்தரணியை இன்று கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது.

உலகின் வேறு வழக்குகளோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1997இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் லூயிஸ் வுட்வார்ட் என்ற 19 வயது பிரித்தானியப் பெண், தான் பார்த்துக்கொண்டிருந்த 8 மாதக் குழந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவரும் அந்நிய நாட்டில் பிள்ளை பார்க்கப் போனவர்தான். ஆனால் அவருக்கு முதல்தரச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். மண்டையோட்டுக் காயம் எப்போது உண்டானது என்று மருத்துவ நிபுணர்கள் இரு பக்கமும் நின்று வாதாடினார்கள். விசாரணை தொலைக்காட்சியில் ஓடியது. ஜூரிகள் கொலைக் குற்றவாளி என்றார்கள். சில நாட்களில் நீதிபதி ஹில்லர் சோபல் அதைக் குறைந்த குற்றமாக மாற்றி, அவர் ஏற்கெனவே சிறையிலிருந்த 279 நாட்களே தண்டனை என்று விடுவித்தார். அந்தத் தீர்ப்பு சரியா பிழையா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். சண்டை போடுவதற்கு அங்கே மருத்துவச் சான்று இருக்கிறது.

இன்னொன்று இத்தாலியின் பெரூஜா வழக்கு. 2007இல் நடந்த கொலைக்காக அமெரிக்க மாணவி அமண்டா நொக்ஸ் 2009இல் தண்டிக்கப்பட்டு, 2011இல் விடுதலையாகி ஊர் திரும்பினார். றிசானா கொல்லப்பட்டு இரண்டு மாதம் கழித்து, 2013 மார்ச்சில், இத்தாலிய உச்ச நீதிமன்றம் மீள்விசாரணைக்கு உத்தரவிட்டது. 2014இல் மீண்டும் குற்றவாளி, 2015இல் முற்றாக விடுதலை. அமெரிக்க ஊடகங்களும் பிரித்தானிய ஊடகங்களும் எதிரெதிர்ப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பார்த்தது வேறொன்றை. பொலிஸ் நிலையத்தில் அவரை விசாரித்த இரவில் சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்க்க வந்தவரும் தன் வேலையின் எல்லையைத் தாண்டி நடந்துகொண்டார். இந்தக் காரணங்களுக்காக 2019இல் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அப்படியிருந்தும் அந்த இரவில் அவர் வேறொருவர் மேல் பழி போட்டு எழுதியதற்கான அவதூறுக் குற்றத்தீர்ப்பு 2025 ஜனவரியில் மீண்டும் உறுதியானது. பணமும் ஆதரவும் கடவுச்சீட்டின் பலமும் இருந்த ஒருவருக்கே முதல் இரவின் தாளைக் கிழிப்பது இவ்வளவு கஷ்டம்.

றிசானாவுக்கு மிகக் கிட்டிய உதாரணம் பிலிப்பைன்ஸ் நாட்டு மிந்தனாவோத் தீவின் சாரா பலபகான். அவரும் முஸ்லிம், அவரும் ஏழை, அவரும் வயதைக் கூட்டிய கடவுச்சீட்டில் போனவர். 15 வயதைத் தொட்டும் தொடாத அந்தப் பிள்ளைக்குக் கடவுச்சீட்டில் 28 வயது. 1994 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை கொடுத்தவரைக் குத்திக் கொன்றார். பாலியல் வன்முறையிலிருந்து தப்பவே அப்படிச் செய்ததாகச் சொன்னார். 1995 ஜூனில் 7 ஆண்டுச் சிறை. அதே ஆண்டு செப்டெம்பரில் மீள்விசாரணை. தண்டனை குறையும் என்று பார்த்தால் மரண தண்டனையாக ஏறியது. உலகமே கொதித்தது. அமீரக ஜனாதிபதி ஷெய்க் சாயித் தலையிட, இறந்தவரின் குடும்பம் இழப்பீட்டை ஏற்றுக்கொள்ள, ஒக்டோபரில் ஓராண்டுச் சிறையும் 100 கசையடியும் என்று முடிந்தது. 1996 ஓகஸ்டில் சாரா மணிலாவில் வந்து இறங்கினார். ஒரே ஆண்டில் ஒரே வழக்கு மூன்று தண்டனைகளைக் கண்டது. மூன்றாவதை முடிவு செய்தது சாட்சியம் அல்ல, குடும்பத்தின் சம்மதம்.

கிஸாஸ் என்ற பழிக்குப்பழிச் சட்டத்தில் மன்னிக்கும் உரிமை இறந்தவரின் குடும்பத்துடையது. மன்னர் கேட்டுப் பார்க்கலாம், உத்தரவிட முடியாது என்பது சவூதியின் நிலைப்பாடு. தியா என்ற இரத்தப் பணத்தை ஏற்று மன்னிக்கும் குடும்பங்கள் உண்டு. 2024 ஏப்ரலில் ரியாத் சிறையிலிருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவருக்காகக் கேரள மக்கள் 34 கோடி இந்திய ரூபாய் திரட்டினார்கள். மரண தண்டனை நீங்கியது. றிசானாவின் விடயத்தில் அந்தக் குடும்பம் மசியவில்லை. ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ மன்னருக்கு எழுதியதும், ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.நா.வும் கேட்டதும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் குறை சொல்வதற்கில்லை. தன் குழந்தையை இந்தப் பெண் நெரித்துக் கொன்றாள் என்று நீதிமன்றமே அவருக்குச் சொல்லியிருந்தது. விசாரணை குறையாக நடந்தால் அந்தக் குறை மன்னிப்பையும் சேர்த்தே கெடுக்கிறது.

2013 ஜனவரி விவாதத்துக்கு வருவோம். காலம் மோசமான காலம். பௌத்த கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனா ஹலால் எதிர்ப்பைக் கிளப்பி, கடைக்குக் கடை துண்டுப் பிரசுரம் போய்க்கொண்டிருந்த மாதங்கள். அந்தச் சூழலில் ‘ஷரீஆ காட்டுமிராண்டித்தனம்’ என்று யாராவது எழுதினால், அது மூதூர்ப் பிள்ளைக்காக எழுதியதா, மூதூர் மக்களுக்கு எதிராக எழுதியதா என்ற சந்தேகம் முஸ்லிம்களுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. அதனால் ஒரு பகுதியினர் சவூதியின் தீர்ப்பையே மார்க்கத்தின் தீர்ப்பாக எண்ணி அதற்குக் காவல் நின்றார்கள். இன்னொரு பகுதியினர் முஸ்லிம்களாகவே நின்று அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்டார்கள். தமிழ்நாட்டில் கவிஞர் மனுஷ்யபுத்திரன் இந்தத் தண்டனையைக் கண்டித்து எழுதியபோது, அங்குள்ள இஸ்லாமிய அமைப்பொன்றின் கடும் எதிர்ப்புக்கு ஆளானார்; சண்டை வழக்கை விட்டு ஆள் மேல் திரும்பியது.

சந்தேகம் இருக்குமிடத்தில் தண்டனையைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்ட மரபிலும் காலங்காலமாகப் பேசப்படுவதுதான். மறுக்கப்பட்ட ஒப்புதல், காணாமல் போன மொழிபெயர்ப்பாளர், பார்க்கப்படாத பிறப்பத்தாட்சி ஆகிய மூன்றையும் அந்த மரபுக்குள் நின்றே கேட்டிருக்கலாம். கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களின் குரல் சின்னதாக இருந்தது. ‘ஷரீஆ வேண்டுமா வேண்டாமா’ என்று பிரிந்து நின்ற இரண்டு பக்கமும் ஒரு விடயத்தில் ஒத்துப்போயின: தவாத்மியில் நடந்தது ஒழுங்கான விசாரணை என்று இரண்டுமே எடுத்துக்கொண்டன. ஒரு பக்கத்துக்கு அது சட்டத்தின் பெருமை, மறு பக்கத்துக்கு அதே சட்டத்தின் கொடூரம்.

அதே மூதூரில் 2006 ஓகஸ்டில், றிசானா சிறையிலிருந்த காலத்தில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சவூதி நீதியின் அவசரத்தைப் பற்றிக் கொழும்பில் நீட்டி எழுதியவர்கள் சொந்த நாட்டு நீதியின் தாமதத்தைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

மரணத்துக்குப் பிறகு இலங்கை அரசு என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. போலிப் பத்திரம் தயாரித்த முகவர்கள் இருவருக்கு 2 ஆண்டுச் சிறை அதற்கு முன்பே கிடைத்திருந்தது. சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. 2014இல் இரு நாடுகளும் வீட்டுப் பணியாளர் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இதற்கிடையில் 2013 ஜூனில் குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு புதுத் தாள் வந்தது.

அந்தத் தாள் எப்படி வேலை செய்தது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெளிநாடு போக நினைக்கும் பெண் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் எத்தனை, வயது என்ன, அவள் போனால் யார் பார்ப்பது, பார்ப்பவருக்கு என்ன உறவு என்று எல்லாம் எழுத வேண்டியிருந்தது. கணவன் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. பிறகு பிரதேச செயலகத்தில் அலுவலர்கள் பார்த்துச் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் சிபாரிசு கிடைக்கவில்லை. ஆண்களுக்கு இப்படி ஒரு தாள் இருக்கவில்லை. கணவன் விட்டுப்போன, அல்லது யுத்தத்தில் காணாமல் போன வீடுகள் வாகரைப் பக்கத்தில் எத்தனையோ உண்டு. அங்கே அந்தக் கையெழுத்தை யாரிடம் வாங்குவது என்பதை அலுவலகத்துக்கு அலுவலகம் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தார்கள். தீராத இடத்தில் சுற்றுலா விசா கைகொடுத்தது. பதிவில்லாமல் போகும் பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் தூதரகத்துக்கு அவர் அங்கே இருப்பதே தெரியாது. றிசானாவை அனுப்பிய போலித்தனத்தை ஒழிக்க வந்த விதி, அதே சந்தைக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது.

பிலிப்பைன்ஸ் செய்தது வேறு. 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண் இரட்டைக் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டபோது அந்த நாடு கொந்தளித்தது. வெளிவிவகார அமைச்சரின் பதவி போனது. மூன்றே மாதத்தில் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டில் வழக்கில் மாட்டுபவர்களுக்குச் சட்டத்தரணி வைக்கவென்றே 10 கோடி பீசோவில் ஒரு நிதியம், அதைப் பார்க்க வெளிவிவகார அமைச்சுக்குள் தனி அலுவலகம் என்று அந்தச் சட்டமே ஏற்பாடு செய்தது. அதனால் அந்நாட்டுப் பெண்கள் அதன் பின் தண்டிக்கப்படவே இல்லை என்பதல்ல. ஆனால் பொலிஸ் நிலையத்தில் முதல் நாள் யார் பக்கத்தில் இருப்பது என்ற கேள்வியை அந்த நாடு சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம்முடைய பதில் பெண்ணின் வயதையும் தாய்மையையும் சுற்றியே நின்றது. தவாத்மியில் கோளாறு எங்கே நடந்ததோ அந்த இடத்தை அது தொடவில்லை.

சவூதியிலும் காற்று கொஞ்சம் திரும்பியது. சிறு வயதில் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை இல்லை என்று 2020இல் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் அறிவித்தது. நீதிபதியின் தற்றுணிபுக்கு உட்பட்ட குற்றங்களுக்குத்தான் அது பொருந்தும், கிஸாஸ் வழக்குகளுக்குப் பொருந்தாது என்று மனித உரிமை அமைப்புகள் உடனேயே சுட்டிக்காட்டின. றிசானாவின் வழக்கு கிஸாஸ் வழக்கு.

இலங்கையில் 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தது. எரிபொருளுக்கு வரிசை நின்றுகொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில், வெளிநாட்டு வேலைவாய்ப்பைக் கூட்ட வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி, பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதை எல்லா நாடுகளுக்கும் 21 ஆக அமைச்சரவை இறக்கியது. சவூதிக்கென்று 2013இல் வைத்த 25 அதோடு போயிற்று.